வெத்தலக் கொழுந்து கலர் கார்!

"திருவண்ணாமலைக்குப் போறேன் மச்சி"ன்னு ஹாஸ்டல்ல சொன்னா போதும். "கிரிவலமா? பவுர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கே!"ன்னு நாலு பேர் காலண்டரைப் பார்ப்பாங்க. அவங்க மேல தப்பு இல்லை. அண்ணாமலையார் ஊர் அவ்வளவு ஃபேமஸ். நான் சொல்றது வேற திருவண்ணாமலை பாஸ்! ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு சில கிலோமீட்டர் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு முன்னாடி ஒரு சின்னக் குன்று. மேலே ஸ்ரீனிவாசப் பெருமாள். எங்க பக்கத்துல இதுக்கு 'தென் திருப்பதி'ன்னு பேர். திருப்பதிக்குப் போக முடியாதவங்க அந்த வேண்டுதலை இங்கே வந்து முடிச்சுக்குவாங்க. புரட்டாசி சனிக்கிழமைன்னா கூட்டம் அலைமோதும்.

இந்த வருஷம் புரட்டாசி முழுக்க, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் சென்னையில பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, சனிக்கிழமை விடியும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கினேன். அட்டெண்டன்ஸ் பத்தி மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. காரணம் பக்தி மட்டும் இல்லை. ஒரு கார். அந்தக் காருக்கு என்ன பெயிண்ட் அடிக்கிறதுங்கற குடும்பச் சண்டை!

தாத்தாவோட ஹெரால்டு

எங்க தாத்தா 1969-ல வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு மாடல். இன்னிக்குக் காலேஜ்ல படிக்கிற பல பேருக்கு இந்தப் பேரே தெரியாது. அம்பாசடர், ஃபியட் ரெண்டோட சேர்ந்து ஒரு காலத்துல நம்ம ரோட்டை ஆண்ட மூணாவது கார் இதுதான். அதுவும் நம்ம ஊர்க்காரன்! சென்னையில, வண்டலூர் பக்கத்துல பெருங்களத்தூர்ல இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-ல இருந்து தயாரிச்சது. பிரிட்டன்ல 1959-ல வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். வடிவம் கொடுத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர். 948 சி.சி. எஞ்சின். பானெட்டை மட்டும் இல்லை, மட்கார்டு, ஹெட்லைட்டோட மூஞ்சி மொத்தத்தையும் முன்பக்கமா அப்படியே சாய்ச்சுத் திறக்கலாம். பாக்கறதுக்கு முதலை வாயைப் பொளந்த மாதிரி இருக்கும்.

இதுல இன்னொரு விசேஷம். பாடியோட பாகங்கள் தனித்தனியா போல்ட் போட்டு சேஸிஸ் மேல முடுக்கியிருக்கும். அதனால கழட்டி, தனித்தனியா ஸ்டாண்டுல வெச்சு பெயிண்ட் அடிக்கலாம். பழைய கார் ரெஸ்டோர் பண்றவங்களுக்கு இது லட்டு.

தாத்தா இருந்தவரை வருஷா வருஷம் புரட்டாசி கடைசி சனிக்கிழமை இந்தக் கார்லதான் குடும்பமே திருவண்ணாமலைக்குப் போகும். நாலு பேர் உட்கார வேண்டிய கார்ல ஒன்பது பேர், மடியில சர்க்கரைப் பொங்கல் தூக்குச் சட்டி. தாத்தா போன பிறகு கார் கொட்டகைக்குள்ள போயிருச்சு. பதினேழு வருஷம். போன வருஷம் பெரியப்பா ரிட்டையர் ஆனதும் முதல் வேலையா அதை வெளியே இழுத்தார். எஞ்சின் வேலை முடிஞ்சது. டிங்கரிங் முடிஞ்சது. பாக்கி, பெயிண்ட்.

இங்கதான் சண்டை ஆரம்பம்.

பெங்களூர்ல ஐ.டி.யில இருக்கற அண்ணன் (செலவுல பாதி அவனோடது) போன்ல சொன்னான்: "மெட்டாலிக் பிளாக். மேல கிளியர் கோட். மூஞ்சி தெரியணும். ஆடியே பிச்சை வாங்கணும்!"

பெரியப்பா சொன்னார்: "வெள்ளை. எங்கப்பா வாங்கினது வெள்ளைக் கார். அந்தக் காலத்து டியூகோ பெயிண்ட்லதான் அடிக்கணும்."

அத்தை சொன்னாங்க: "வெள்ளையா? நீலம்ணே அது. வானம் மாதிரி."

ஆல்பத்துல போட்டோ இருக்கு. கார் முன்னாடி தாத்தா, அப்பத்தா, அவங்க இடுப்புல எங்கப்பா. ஆனா கறுப்பு வெள்ளை போட்டோ. அதுல காரோட கலர் சாம்பல்!

மூலையில வெத்தலை இடிச்சுட்டு இருந்த அப்பத்தா சொன்னாங்க: "கொழுந்து வெத்தலக் கலருடா அது." எல்லாரும் சிரிச்சோம். அப்பத்தாவுக்கு எண்பத்தினாலு வயசு. என்னையே அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வெத்தலை இடிக்கும்போது கேட்டா வெத்தலைக் கலர்னுதானே சொல்வாங்கன்னு நானே கிண்டலடிச்சேன்.

ஒரு ரூபாய் அகலத்துல வரலாறு

முதல் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ல அரைமணி நேரப் பயணம். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வலது பக்கம் மலை கூடவே வரும். தென்காசி ரோட்டை ஒட்டின ஒரு சந்துல, தகரம் போட்ட ஷெட். அங்கதான் எங்க ஹெரால்டு பல்லைக் கழட்டின கிழவர் மாதிரி பம்பர், லைட் எதுவும் இல்லாம நின்னுட்டு இருந்தது.

பெயிண்டர் அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயசு. அதிகம் பேச மாட்டார். சண்டை மொத்தத்தையும் கேட்டுட்டு, ஒரு வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சார். பூட் மூடியைத் தூக்கி, அதோட ஓரத்துல ஒரு ரூபாய் காசு அகலத்துக்குத் தேய்க்க ஆரம்பிச்சார். பத்து நிமிஷம். துணியால துடைச்சுட்டு, "வந்து பாருங்க தம்பி"ன்னார்.

மரத்தை அறுத்தா வளையம் தெரியுமே, அந்த மாதிரி இருந்துச்சு. வெளி வளையம் மங்கின சிவப்பு. அது 1994-ல பெரியப்பா கல்யாணத்துக்கு அடிச்சது. அதுக்கு உள்ளே வெள்ளை, தாத்தா இடையில ஒரு தடவை அடிச்சிருக்கார். பெரியப்பாவோட சின்ன வயசு ஞாபகம் அது! அதுக்கும் உள்ளே... இளம் பச்சை. கொழுந்து வெத்தலை நிறம். அதுக்குக் கீழே பிரைமர், நடுவுல பளபளன்னு தகரம்.

பெரியப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசலை. வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மாகிட்ட குடு"ன்னார். "நீ சொன்னதுதான்மா கரெக்டு." மறுமுனையில அப்பத்தா என்ன சொன்னாங்கன்னு தெரியலை. பெரியப்பா கண்ணைத் துடைச்சதை நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

கலர் பஞ்சாயத்து அதோட முடிஞ்சது. ஆனா அண்ணாச்சி சொன்னார்: "கலர் வேற, பெயிண்ட் வேற தம்பி. பச்சைன்னு முடிவாயிருச்சு. எந்தப் பச்சை? மினுங்கற பச்சையா, மினுங்காத பச்சையா?"

டியூகோவா, டூ-கேவா?

நான் கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட். ஆனா அந்த ஷெட்டுல கத்துக்கிட்டது எங்க லேப்ல கிடைக்கலை. உங்களுக்கும் கொஞ்சம் ஓசியில தர்றேன்.

கார் வந்த புதுசுல வார்னிஷ் மாதிரி எண்ணெய்ப் பெயிண்டைப் பிரஷ்ல அடிச்சுக் காய வைப்பாங்க. வாரக்கணக்கா ஆகும். ஃபோர்டு மாடல் டி 1914-ல இருந்து 1925 வரைக்கும் கறுப்புல மட்டுமே வந்தது. அப்புறம் டுபாண்ட் கம்பெனி நைட்ரோ செல்லுலோஸ் லேக்கரைக் கொண்டு வந்தது. பேர் 'டியூகோ'. 1920களின் நடுவுல ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்ல அது வந்ததும், வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கா சுருங்கிருச்சு. கலர் கலரா கார் வர ஆரம்பிச்சது. நம்ம ஒர்க்‌ஷாப்கள்ல இன்னிக்கும் இந்த வகையை 'டியூகோ'ன்னும் 'என்.சி.'ன்னும் சொல்றாங்க.

என்.சி. பெயிண்ட் காய்றதுன்னா அதுல இருக்கற தின்னர் ஆவியாகறது, அவ்வளவுதான். வேற ரசாயன மாற்றம் இல்லை. அதனால திரும்பத் தின்னர் பட்டா கரையும். இதை வெச்சு ஒரு டெஸ்ட் இருக்கு. வெள்ளைத் துணியில தின்னரைத் தொட்டு மறைவான இடத்துல தேய்ச்சா, என்.சி.ன்னா கலர் துணியில ஏறும். அண்ணாச்சி எங்க சிவப்புல தேய்ச்சார். துணி குங்குமம் ஆயிருச்சு!

என்.சி.யில பளபளப்பு கண்ணாடி மாதிரி குத்தாது, ஆழமா, சாந்தமா இருக்கும். பழைய கார்களுக்கு அழகே அதுதான். கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் தொட்டுத் தேய்ச்சுச் சரி பண்ணலாம். ஆனா வெயில்ல வெளுக்கும். தடிமனா அடிச்சா வெடிக்கும். பெட்ரோல் சிந்தினா தடம் விழும். அடிக்கடி பாலீஷ் கேக்கும். பதினேழு வருஷம் கொட்டகையில போட்டவங்க, வாரா வாரம் பாலீஷ் போடுவாங்களா? அண்ணாச்சி பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

அடுத்தது சிந்தெடிக் எனாமல். லாரி, பஸ், கேட், ஜன்னல்னு எல்லாத்துலயும் இருக்கறது. விலை குறைவு. ஆனா மெதுவா காயும், காயற வரைக்கும் ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டும்.

மூணாவது, டூ-கே பி.யூ. ரெண்டு டப்பா சமாச்சாரம். பெயிண்டோட ஹார்டனர் கலந்தா ரெண்டும் வேதிவினை புரிஞ்சு இறுகிரும். அப்புறம் தின்னருக்கும் பெட்ரோலுக்கும் சீக்கிரத்துல அசையாது. இதுலயே ரெண்டு வழி. ஒண்ணு, கலரும் பளபளப்பும் ஒரே பெயிண்ட்ல வர்ற 'டைரக்ட் கிளாஸ்'. இன்னொண்ணு, மங்கலான பேஸ் கோட் அடிச்சு மேல நிறமில்லாத கிளியர் கோட் அடிக்கறது. அண்ணன் கேட்ட மெட்டாலிக் ரெண்டாவது வகை. பெயிண்டுக்குள்ள மிதக்கற பொடிப் பொடி அலுமினியச் செதில்கள்தான் அந்த மினுமினுப்பு.

"அது என்ன சிக்கல் அண்ணாச்சி?"

"செதில் எந்தப் பக்கம் படுத்துருக்குங்கறதை வெச்சுத்தான் கலர் தெரியும். கதவுல ஒரு கீறல் விழுந்தா அங்க மட்டும் தொட முடியாது. கதவு முழுசா அடிச்சு, பக்கத்து மட்கார்டு வரைக்கும் இழைச்சு விடணும். கோயில் கூட்டத்துக்குள்ள கொண்டு போற வண்டி. கீறல் விழாதா?"

அண்ணனுக்கு ஸ்பீக்கர்ல போட்டேன். "அதுக்காக டல்லா விடறதா அண்ணாச்சி?"ன்னான்.

அண்ணாச்சி ஷெட்டுக்கு வெளியே கை காட்டிச் சொன்னார்: "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் பாத்துருக்கீங்களா தம்பி? அதுவும் பழைய வண்டிதான். அதுக்கு மெட்டாலிக்கா அடிச்சுருக்கு? மரம் மரமாத் தெரியுறதுனாலதான் சிற்பம் தெரியுது. இந்த வண்டிக்கும் அந்த மடிப்பு, அந்தக் கூர்மை... அதான் அழகு. பெயிண்டு அதை மறைக்கக் கூடாது. பாக்கறவன் 'பெயிண்டு சூப்பர்'னு சொன்னா நான் தோத்தேன். 'வண்டி சூப்பர்'னு சொல்லணும்."

வெளிநாட்டுல பெரிய கிளாசிக் கார் போட்டிகள்லயும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. கலிஃபோர்னியாவுல 1950-ல இருந்து நடக்கற பெபிள் பீச் கண்காட்சியில, பல வருஷம் கம்பெனியில இருந்து வந்ததை விடவும் மினுக்கிக் கொண்டு வந்த கார்களைத்தான் கொண்டாடினாங்க. இப்போ அங்கயே, வெளுத்த பெயிண்டோட பழசாவே காப்பாத்தின கார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு. நம்ம ஊர்ல பார்க்கணும்னா, கோவை அவிநாசி ரோட்டுல 2015-ல திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போங்க. வெவ்வேறு காலத்துக் கார்களைப் பக்கத்துப் பக்கத்துல பார்த்தா, பளபளப்புங்கறதும் காலத்துக்குக் காலம் மாறுற ஃபேஷன்தான்னு புரியும்.

புரட்டாசிக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்?

"ஏன் அண்ணாச்சி, ஆடியிலயே முடிச்சிருக்கலாமே?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டார். ராஜபாளையம் பக்கம் ஆனி, ஆடியில மலைக் கணவாய் வழியா வர்ற காத்து இருக்கே... அம்மியை நகர்த்துதோ இல்லையோ, ஈரப் பெயிண்டுல மண்ணை அள்ளிக் கொட்டும். போதாக்குறைக்கு இது பஞ்சாலை ஊர். காத்துல பஞ்சு பறக்கும். ஒரு இழை ஒட்டினாலும் தேய்ச்சு மறுபடி அடிக்கணும்.

சரி, ஐப்பசி? மழை. காத்துல ஈரம் அதிகமா இருந்தா, தின்னர் வேகமா ஆவியாகும்போது பெயிண்ட் மேல் பரப்பு குளிர்ந்து, ஈரம் அதுல படிஞ்சு பால் ஊத்தின மாதிரி வெளுத்துரும். என்.சி.யில இந்தத் தொல்லை ரொம்ப ஜாஸ்தி. கம்ப்ரஸர் காத்துல தண்ணி இருந்தாலும் கொப்புளம் வரும். அதனால காத்தும் அடங்கி, மழையும் பிடிக்காத புரட்டாசிக் காலை நேரம்தான் எங்க ஊருக்கு நல்ல நேரம். சாயங்காலம் இடி இடிச்சா கடையைச் சாத்திட வேண்டியதுதான். பெருமாளுக்கு உகந்த மாசம் பெயிண்டுக்கும் உகந்த மாசம்!

ஆக, முடிவு கிட்டத்தட்ட வந்துருச்சு. இளம் பச்சை, மெட்டாலிக் கிடையாது, டூ-கே டைரக்ட் கிளாஸ். வெயிலைத் தாங்கும். கீறல் விழுந்தா தொட்டுக்கலாம். அடிச்ச பிறகு பொடி வாட்டர் பேப்பர்ல லேசாத் தேய்ச்சு காம்பவுண்டு போட்டா, கண்ணாடி மினுக்கு குறைஞ்சு பழைய காலத்துச் சாந்தமும் வந்துரும்.

ஆனா எனக்கு ஒரு முள் குத்திட்டே இருந்தது.

கர்ச்சீப் போதாது

அண்ணாச்சி பேச்சுக்கு நடுவுல இருமிட்டே இருந்தார். பெயிண்ட் அடிக்கும்போது என்ன மாஸ்க் போடுவீங்கன்னு கேட்டேன். ஆணியில தொங்கின கட்டம் போட்ட கர்ச்சீப்பைக் காட்டினார். "முப்பது வருஷமா இதான்."

டூ-கே ஹார்டனர் டப்பாவைத் திருப்பிப் படிச்சேன். ஐசோ சயனேட். 1984-ல போபால்ல கசிஞ்சது மெத்தில் ஐசோ சயனேட். இது அது இல்லை, வேற சரக்கு. ஆனா ரெண்டும் ஒரே வேதிக் குடும்பம். ஸ்ப்ரே பண்ணும்போது மூச்சுல போனா ஆஸ்துமா கொண்டு வரக்கூடியது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாம போச்சுன்னா, அப்புறம் துளி பட்டாலும் இழுப்பு வந்துரும். வாசனையை வெச்சு உஷாராகலாம்னா அதுவும் முடியாது, ஆபத்தான அளவுலகூட மூக்குக்குத் தெரியாம போகலாம். கர்ச்சீப்பு தூசிக்கே போதாது. வெளியில இருந்து சுத்தமான காத்தைக் குழாய் வழியா மூஞ்சிக்குக் கொண்டு வர்ற மாஸ்க்தான் இதுக்குச் சரி.

பழைய பெயிண்டைத் தேய்ச்சு எடுக்கறதுலயும் ஆபத்து இருக்கு. அந்தக் காலத்துப் பெயிண்டுல ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனாலதான் தண்ணி ஊத்தித் தேய்க்கணும், கை கழுவாம டீ கிளாஸைத் தொடக் கூடாது. அண்ணாச்சி தண்ணி ஊத்தித்தான் தேய்ச்சார். கை கழுவாமதான் டீ குடிச்சார்.

அன்னிக்கு மத்தியானம் நானும் பெரியப்பாவும் டவுன் பஸ் பிடிச்சு திருவண்ணாமலைக்குப் போனோம். படியேறி, தரிசனம் முடிச்சு, மேல நின்னு பார்த்தா ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வயலும் தோப்புமா சமவெளி. மொட்டை போட்ட குழந்தைங்க அழுதுட்டே இறங்கிட்டு இருந்தாங்க. பெரியப்பாகிட்ட சொன்னேன்: "பெரியப்பா, தாத்தா ஞாபகத்துக்காக ஒரு காரைக் காப்பாத்தறோம். அதை அடிக்கறவர் நுரையீரல் போச்சுன்னா, அந்தக் கார்ல எப்படிப் பெருமாளைப் பாக்க வர்றது?"

கொஞ்சம் சினிமா டயலாக் மாதிரிதான் வந்துருச்சு. ஆனா பெரியப்பா அங்கயே அண்ணனுக்குப் போன் போட்டார். "மெட்டாலிக் இல்லைன்னதும் மிச்சமாகுதுல்ல, அந்தக் காசு எனக்கு அனுப்பு. அண்ணாச்சிக்கு மாஸ்க்கும், எண்ணெய் இல்லாத சின்ன கம்ப்ரஸரும் வாங்கணும்." அண்ணன் ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "என்ன மாடல்னு அனுப்பச் சொல்லுங்க, நானே ஆர்டர் போடறேன்"ன்னான். அன்னிக்கு அவன் மேல இருந்த கோபமெல்லாம் போச்சு.

அண்ணாச்சிக்குத்தான் பிடிக்கலை. "ஏதோ நிலாவுக்குப் போறவன் மாதிரி இருக்கு"ன்னு முனகினார். ஆனா மூணாவது சனிக்கிழமை கலர் அடிச்சு முடிச்சுட்டு மாஸ்கைக் கழட்டினதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அடிச்சு முடிச்சதும் தலை கிறுகிறுக்குமே... இன்னிக்கு அது இல்லை தம்பி."

பச்சை பிறந்த கதை

கலர் பொருத்தினதைச் சொல்லணுமே. வெயில் பட்ட பெயிண்ட் வெளுத்திருக்கும், அதை வெச்சு மேட்ச் பண்ணினா ஏமாந்துருவோம். அண்ணாச்சி பூட் ரப்பர் பீடிங்கைப் பிரிச்சார். அம்பது வருஷத்துக்கு மேல சூரியனே படாத பச்சை அங்க ஒளிஞ்சுட்டு இருந்தது! அதைக் காட்டி மதுரையில கம்ப்யூட்டர் மிக்ஸிங் பண்ணி வாங்கினோம். ஆனா அண்ணாச்சி கம்ப்யூட்டரை நம்பலை. ஒரு தகரத்துல அடிச்சு, காய வெச்சு, வெயில்ல ஒரு தடவை, நிழல்ல ஒரு தடவை, டியூப்லைட்ல ஒரு தடவை பார்த்தார். டியூப்லைட்ல ஒண்ணு போலத் தெரியற ரெண்டு பச்சை வெயில்ல வேற வேறயாத் தெரியும். ரெண்டு சொட்டு மஞ்சள் சேர்த்த பிறகுதான் தலையாட்டினார்.

அதுக்கு முன்னாடி பழசு மொத்தத்தையும் உரிக்க வேண்டியிருந்தது. என்.சி. மேல டூ-கே அடிச்சா, கீழ இருக்கறது ஊறிச் சுருங்கித் தோல் உரியும். அதனால தகரம் தெரியற வரைக்கும் எடுத்து, பிரைமர் அடிச்சு, பட்டி பார்த்து, தேய்ச்சு, மறுபடி தேய்ச்சு... வேலையில முக்கால்வாசி கலருக்குக் கீழதான். எந்த ஃபினிஷ் எடுத்தாலும் இதுல சோம்பேறித்தனம் பண்ணினா ஆறே மாசத்துல பல்லிளிக்கும்.

உரிக்கறதுக்கு முந்தின நாள் பெரியப்பா ஒண்ணு கேட்டார். "அந்த வளையம் தெரியற இடத்தை மட்டும் விட்டுடலாமா அண்ணாச்சி?" அண்ணாச்சி அதைச் சுத்தி டேப் ஒட்டினார். பூட் மூடி ஓரத்துல அந்த ஒரு ரூபாய் வட்டம் இன்னிக்கும் அப்படியே இருக்கு. துரு ஏறாம இருக்க மேல கொஞ்சம் மெழுகு. சிவப்பு, வெள்ளை, பச்சை. எங்க குடும்ப ஆல்பத்துல கலர் போட்டோ இல்லாத குறை அதுல தீர்ந்தது.

உங்க வீட்டுலயும் பழைய வண்டி இருந்தா ஒரு டிப்ஸ்: ஆர்.சி.யில வண்டியோட கலரும் பதிவாகியிருக்கும். மாத்தினா ஆர்.டி.ஓ.வுல சொல்லித் திருத்தணும். எங்களுதுல 'சிவப்பு'ன்னு இருந்தது. இன்னொண்ணு, அம்பது வருஷம் தாண்டின, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல மத்திய அரசு தனி வின்டேஜ் பதிவு கொண்டு வந்தது. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். கெத்துதான்! ஆனா அந்தப் பதிவு வாங்கினா கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். "எனக்குக் கண்காட்சி வேண்டாம், கோயிலுக்குப் போனா போதும்"னு பெரியப்பா பழைய பதிவையே புதுப்பிச்சுக்கிட்டார்.

கடைசி சனிக்கிழமை

காலையில அஞ்சரை மணி. அப்பத்தாவை முன் சீட்டுல உட்கார வெச்சோம். உட்காரறதுக்கு முன்னாடி கார் கதவைக் கையால தடவிப் பார்த்தாங்க. எதுவும் சொல்லலை. இடுப்புல இருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு வெத்தலையை எடுத்து கதவுப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, வாயில போட்டுக்கிட்டாங்க. அவ்வளவுதான் டெஸ்ட். பாஸ்!

பின்னாடி பெரியப்பா பசங்க, அத்தை, நான், எங்க வற்புறுத்தல்ல வந்த அண்ணாச்சி. கூட்டத்துக்கு நடுவுல நகர்ந்து அடிவாரம் சேர்ந்தப்போ வெளிச்சம் வந்துருச்சு. பூ விக்கற அக்கா எட்டிப் பார்த்து, "பழைய வண்டியை எம்புட்டு அருமையா வெச்சிருக்கீக!"ன்னாங்க. பெயிண்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் வேற எங்கயோ பாக்கற மாதிரி மீசையைத் தடவிட்டு இருந்தார்.

அப்பத்தாவால படியேற முடியாது. கார்லயே உட்கார்ந்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டாங்க. நாங்க ஏறி இறங்கி வர்றதுக்குள்ள, யாரோ ஒரு குட்டிப் பையன் தேங்காய்க் கூடையை இழுத்துட்டுப் போனதுல பின் கதவுல ஒரு கோடு! ஒரு விரல் நீளம். பெரியப்பா முகம் தொங்கிப் போச்சு. புது பெயிண்ட் அடிச்சு ஒரு வாரம்கூட ஆகலை சார்!

அண்ணாச்சி குனிஞ்சு நகத்தால தொட்டுப் பார்த்தார். "மேலாப்புலதான். திங்கக்கிழமை கொண்டாங்க. அரைமணி நேரம்"னார். அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு அவன் கையில ஒரு பால்கோவாவைத் திணிச்சார்.

அப்பத்தா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக் கேட்டாங்க: "பழைய காருலயும் அந்த எடத்துலதான்டா கோடு இருக்கும். உங்க தாத்தா நெல்லு மூட்டை ஏத்தையில போட்டது. அதை எதுக்குத் தேய்க்கிறீக?"

திங்கக்கிழமை கார் ஷெட்டுக்குப் போகலை.